வெயிட்டான பைப் எல்லாம் நல்ல பைப் இல்லை: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் ஒரு பதிலின் கடைசியில், "பி.வி.சி.யைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதைச் சூடாக்குகிறவரைப் பார்த்துப் பயப்படுங்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி கேள்வி, பாதி திட்டு. "பிளாஸ்டிக் கம்பெனிக்காரி வேறெப்படி எழுதுவாள்" என்று ஒருவர். சரி, இந்த இதழ் முழுக்க பி.வி.சி.தான். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் கோவைப் பக்கம் ஒரு பைப் கம்பெனியின் தரப் பரிசோதனை லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். டாக்டர் இல்லை. அதனால் மருந்து கேட்டு எழுதாதீர்கள்.

வணக்கங்க அக்கா. கெணத்து மேட்டுல இருந்து வாழைத் தோட்டத்துக்கு ஆறு கிலோ பைப் போட்டேனுங்க. மண்ணுக்கு மேலதான் கெடக்குது. ரெண்டு கோடை தாண்டறதுக்குள்ள அங்கங்க வெடிக்குது. வாங்கறப்ப கடைக்காரரு, "தூக்கிப் பாருங்க, என்ன வெயிட்டு"ன்னு சொல்லித்தான் குடுத்தாரு. வெயிட்டான பைப் எதுக்குங்க வெடிக்குது?
— விவசாயி, கோபிசெட்டிபாளையம்

அந்த வெயிட் மேல்தான் எனக்குச் சந்தேகம். பி.வி.சி. பிசின், அதாவது பைப்பின் மூலப் பிளாஸ்டிக், தண்ணீரைப் போல் சுமார் 1.4 மடங்கு அடர்த்தி. தண்ணீரில் போட்டால் மூழ்கும். பைப் ஓட்டும்போது, அதாவது பிசினை உருக்கிப் பைப்பாக வார்க்கும்போது, அதோடு கால்சியம் கார்பனேட், ஃபேக்டரி பாஷையில் பவுடர், சேர்ப்பார்கள். அதன் அடர்த்தி 2.7. அளவோடு சேர்த்தால் தப்பில்லை, விறைப்பு கிடைக்கும். ஆனால் பிசின் விலை ஏறுகிற மாதங்களில் சிலர் பவுடர் மூட்டையைத் தாராளமாகக் கவிழ்ப்பார்கள். பைப் கனக்கும், பார்க்க வெள்ளையாக, கெட்டியாக இருக்கும், அடி தாங்காது. குடிநீர் பைப்புக்கான ஐ.எஸ். 4985 தர நிர்ணயம் அடர்த்தி 1.40-க்கும் 1.46-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று கட்டுவதே இதற்காகத்தான். சுவர் தடிமன் கூடினாலும் வெயிட் கூடும். ஆகவே ஒரே சைஸ், ஒரே தடிமன் உள்ள இரண்டு பைப்பில் ஒன்று மட்டும் அதிகமாகக் கனத்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

லேபில் நாங்கள் ஒரு துண்டைச் சூளையில் எரித்து மிஞ்சுகிற சாம்பலை நிறுத்துப் பார்ப்போம். பவுடர் எரியாது, அப்படியே நிற்கும். வீட்டில் சூளை வேண்டாம், பேனாக்கத்தி போதும். பைப்பின் விளிம்பை லேசாகச் சீவுங்கள். நல்ல பைப் என்றால் சீவல் சுருள் சுருளாக, அறுபடாமல் வரும். பவுடர் பைப் என்றால் உதிரும், விரலில் மாவு ஒட்டும். இன்னொன்று: ஹேக்ஸா பிளேடால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் அறுத்து வைஸில் கொடுத்து மெதுவாக நசுக்குங்கள். நல்ல வளையம் தட்டையாகும், வெளுக்கும், விரியாது. மட்டமானது பாதி நசுங்கும்போதே 'டப்'.

இத்தனைக்கும் முன்னால் பைப் மேல் அச்சடித்ததைப் படியுங்கள். கம்பெனி பெயர், ஐ.எஸ்.ஐ. முத்திரை, 4985 என்ற எண், சைஸ், அழுத்த வகை, பேட்ச் எண், 'சி.எம்/எல்' என்று தொடங்கும் லைசென்ஸ் எண் எல்லாம் இருக்க வேண்டும். அந்த லைசென்ஸ் எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றுகொண்டே பார்க்கலாம். கடைக்காரர் முகம் மாறினால் அதுவும் ஒரு டெஸ்ட்தான்.

ஆனால் பைப் அசலாகவே இருந்தாலும், நீங்கள் போட்டிருக்கிற இடம் அதைக் கொன்றுவிடும். ஆறு கிலோ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ அழுத்தம் தாங்கும் என்று அர்த்தம். அந்தக் கணக்கு 27 டிகிரி செல்சியஸுக்குப் போட்டது. 45 டிகிரியில் தாங்கும் சக்தி ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும், 60 டிகிரியில் கால்வாசிதான். சித்திரை வெயிலில், தண்ணீர் ஓடாமல் வெறுமனே கிடக்கிற பைப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்த நேரம் பார்த்து மும்முனை கரண்ட் வரும், மோட்டார் ஆட்டோமேடிக்கில் ஓடும், தண்ணீர் முட்டிக்கொண்டு போகும். வெடிக்காமல் என்ன செய்யும்? போதாததற்கு சூரியனின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் உள்ள மூலக்கூறுச் சங்கிலியிலிருந்து குளோரினைக் கழற்றிவிடுகிறது. முதலில் பைப் பழுப்பேறும், பிறகு நொறுங்கும்.

முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதையுங்கள். டிராக்டர் தாண்டுகிற இடத்தில் இன்னும் ஆழம் வேண்டும். பாறை, வெட்ட முடியாது என்றால் வெள்ளை எமல்ஷன் பெயிண்ட் அடியுங்கள். தண்ணீரில் கரைப்பதுதான் வேண்டும். தின்னர் கலக்கிற பெயிண்ட் கூடாது. கேட் வால்வைப் பாதி திறந்து வைத்து மோட்டார் போட்டு, பிறகு மெல்ல முழுதாகத் திறங்கள். உடைந்த துண்டுகளைக் காயலான் கடைக்குப் போடுங்கள், திரும்ப உருக்குவார்கள். அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள்; ஏன் என்பது கீழே வருகிறது.

மேடம், மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தோம். பிளம்பர் மிச்சமிருந்த வெள்ளைப் பைப்பையே வெந்நீர் லைனுக்கும் போட்டுவிட்டார். இப்போது பைப் பாம்பு மாதிரி நெளிந்து தொங்குகிறது.
— வாசகி, நாமக்கல்

மாற்றிவிடுங்கள், இன்றைக்கே. சாதாரண பி.வி.சி. 80 டிகிரி வாக்கில் இளகிவிடும். சோலார் டேங்கில் கோடைக்காலத் தண்ணீர் அதைத் தொடும். வெந்நீருக்கு சி.பி.வி.சி. என்று கேட்டு வாங்குங்கள், தந்த நிறத்தில் இருக்கும், ஐ.எஸ். 15778. அதே பிசினில் குளோரினைக் கூடுதலாக ஏற்றியது. 90 டிகிரி வரை நிற்கும். ஜாயின்ட்டில் பூசுகிற சொல்யூஷனும் அதற்குத் தனி. இதற்குப் போட்டதை அதற்குப் போட்டால் ஜாயின்ட் விட்டுவிடும்.

அம்மா, பி.வி.சி. பைப்பில் ஈயம் இருக்கிறது, குழந்தைகளுக்கு மூளை பாதிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் வீட்டில் முழுக்க பி.வி.சி. லைன்தான். சுவரை உடைத்து மாற்ற வேண்டுமா?
— இரண்டு குழந்தைகளின் தாய், திருப்பூர்

வாட்ஸ்அப்பில் வந்தாலும் இது கட்டுக்கதை இல்லை. ஆனால் சுத்தியலை எடுக்காதீர்கள்.

பி.வி.சி.யின் எடையில் ஐம்பத்தேழு சதவீதம் குளோரின். மீதிதான் பெட்ரோலியத்திலிருந்து வருவது. குளோரின் உப்பிலிருந்து வருகிறது. இந்தக் குளோரின் சூட்டில் சும்மா இருக்காது, ஹைட்ரஜனையும் சேர்த்துக்கொண்டு ஹைட்ரோ குளோரிக் அமில வாயுவாகக் கிளம்பும். பைப் ஓட்ட 180 டிகிரிக்கு மேல் சூடாக்கியாக வேண்டும். அதனால் அந்த வாயுவை அடக்கி வைக்க ஒரு நிலைப்படுத்தி போடாமல் பி.வி.சி.யை ஓட்டவே முடியாது. நம் ஊரில் பல காலம் அது ஈய உப்புகளாக இருந்தது. டி.பி.எல்.எஸ். என்போம். வெள்ளை வெளேரென்று, கையளவு மூட்டையே தூக்க முடியாத கனம். விலை குறைவு, வேலை சுத்தம். விஷம். அந்தப் பவுடரை மிக்ஸரில் கொட்டின தொழிலாளிக்குத்தான் முதல் ஆபத்து, குழாயில் தண்ணீர் பிடிக்கிறவருக்கு அடுத்துத்தான். இதைப் பத்திரிகைகள் சொல்வதில்லை.

ஐரோப்பாவில் 2015-க்குள் பி.வி.சி. தொழிலே ஈயத்தைக் கைவிட்டது. இங்கே 2021-ல்தான் பைப்பிலும் ஃபிட்டிங்கிலும் ஈய நிலைப்படுத்தி பற்றி ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் தனி விதிகள் போட்டது. மாற்று இல்லாமல் இல்லை: கால்சியம்–துத்தநாகம், தகரச் சேர்மம். விலைதான் கொஞ்சம் கூட. இப்போது நல்ல கம்பெனிகள் பைப் மேலேயே 'ஈயம் இல்லாதது' என்று அச்சடிக்கிறார்கள். புதிதாகப் போடுகிறவர்கள் அதைப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் பழைய லைனுக்கு வருவோம். ஈயம் பிசினுக்குள் சிறைப்பட்டிருக்கிறது; தண்ணீரில் இறங்குவது பெரும்பாலும் உள்பரப்பில் இருப்பதுதான். புதுப் பைப்பில் அது அதிகம், போகப் போகக் குறையும். ராத்திரி முழுக்க பைப்பில் நின்ற தண்ணீரில் மற்ற நேரத்தைவிடக் கூடுதலாக இருக்கும். எனவே காலையில் முதல் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பிடிக்காதீர்கள். வாளியில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. தண்ணீர்தான் வற்றும், மிஞ்சுகிற தண்ணீரில் ஈயத்தின் அளவு கூடும். இதைப் பலர் தலைகீழாக நம்புகிறார்கள். ஆர்.ஓ. அதை நீக்கும்.

மனசு கேட்கவில்லை என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பணம் கட்டி ஒரு சாம்பிள் கொடுங்கள். வழக்கமான டெஸ்டோடு விட்டுவிடாமல், ஈயம் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் எங்கே பார்க்கலாம் என்று அவர்களிடமே விசாரியுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. காலையில் முதலில் வருகிற தண்ணீரையே சாம்பிளாகக் கொடுங்கள், அதுதான் உண்மையைச் சொல்லும்.

அக்கா, நான் பிளம்பர். சம்ப்புக்குள்ள இறங்கி ஜாயின்ட் அடிச்சா தலை சுத்துது, கண்ணு எரியுது. கூட வேலை பார்க்கிற அண்ணன், "பழகிடும்டா"ங்கறாரு. பழகுமா?
— மதுரை

பழகாது தம்பி. மூக்குதான் வாசனைக்குப் பழகும், மூளை பழகாது.

நீ பூசுகிற சொல்யூஷன் பசை இல்லை. டெட்ரா ஹைட்ரோ ஃபியூரான், சைக்ளோ ஹெக்சனோன் போன்ற கரைப்பான்களில் கொஞ்சம் பி.வி.சி.யைக் கரைத்து வைத்தது. பைப்பின் மேல்தோலையும் ஃபிட்டிங்கின் உள்தோலையும் அது இளக்கிவிடுகிறது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, கரைப்பான் ஆவியாகிப் போனதும் ஒரே பிளாஸ்டிக்காக நிற்கும். ஆவியாகிப் போவது எங்கே போகிறது? சம்ப்புக்குள் என்றால் உன் மூக்குக்குத்தான். அந்த ஆவி காற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. மேலே ஏறாது, அடியில் தேங்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே உள்ள குளிரில்கூடத் தீப்பிடிக்கும். சம்ப்புக்குள் பீடி, லைட்டர், ஸ்பார்க் அடிக்கிற டிரில், எதுவும் கூடாது.

முடிந்தவரை ஜாயின்ட்டை வெளியே அடித்து, செட்டாகக் கீழே இறக்கு. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு டேபிள் ஃபேனையோ புளோயரையோ மேலே வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளு, மேலே ஒரு ஆள் நிற்கட்டும். தலை சுற்றினால் "இந்த ஒரு எல்போவை முடிச்சிடறேன்" என்று நிற்காதே, ஏறிவிடு. ரொம்ப நாளாக மூடிக் கிடந்த சம்ப் என்றால் சொல்யூஷன் இல்லாமலே ஆபத்து, பிராண வாயு குறைந்திருக்கும். டப்பாவை ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் மூடு. கையில் பட்டதைத் தின்னர் போட்டுத் துடைக்காதே, சோப்புத் தண்ணீர் போதும்.

இன்னும் இரண்டு விஷயம். கப்ளர் இல்லாதபோது பழைய பேப்பரைக் கொளுத்திப் பைப் முனையைக் காட்டி விரிப்பீர்கள், எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே செய்தார்கள். முனை கறுத்து மூக்கில் காரமாக ஏறுகிறதே, அதுதான் அமில வாயு. பைப்பும் அந்த இடத்தில் கெட்டுப்போய்விடும். ஹாட் ஏர் கன் வாங்கு, அதுவும் இளகும் மட்டும்தான். அடுத்தது, லீக் பார்க்க கம்ப்ரஸர் காற்றை ஏற்றாதே. தண்ணீர் ஏற்றிப் பைப் உடைந்தால் ஒழுகும். காற்று ஏற்றி உடைந்தால் கண்ணாடித் துண்டு மாதிரிச் சிதறும்.

பென்சில் பாக்ஸில் போட்டிருந்த ரப்பர், பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்தால் ஸ்கேலில் பள்ளம். ரப்பர் ஸ்கேலைத் தின்னுமா மிஸ்?
— ஏழாம் வகுப்பு மாணவி, கரூர்

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி இதுதான் கண்ணு. தின்னும்!

உன் அழிரப்பர் பெரும்பாலும் ரப்பரே இல்லை, பி.வி.சி. பைப்பும் அதுவும் ஒரே பிளாஸ்டிக். பைப் விறைப்பாக இருக்க, ரப்பர் மெத்தென்று இருப்பதற்குக் காரணம், அதில் கலந்திருக்கிற எண்ணெய் போன்ற ஒரு திரவம். பிளாஸ்டிசைசர் என்பார்கள். 1926-ல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்பவர் ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். யாருக்கும் வேண்டாத பி.வி.சி.யை ஒரு கரைப்பானில் போட்டுக் காய்ச்சினார். பசை வரவில்லை, வளைகிற ஜெல்லி வந்தது. இன்றைக்கு ரெயின்கோட், ஒயர் தோல், செருப்பு, உன் ரப்பர் எல்லாம் அந்த ஜெல்லியின் வம்சம்.

அந்தத் திரவம் பி.வி.சி.யோடு வேதியியல் கட்டுப் போட்டுக்கொள்ளவில்லை, சும்மா இடையில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பக்கத்தில் ஸ்கேல் இருந்தால் அதற்குள் நகர்ந்துவிடும். உன் ஸ்கேல் பாலிஸ்டைரீன். அதை இது இளக்கிவிடும். ரப்பரைச் சுற்றி ஒரு அட்டை உறை வருகிறதே, தூக்கி எறிந்திருப்பாய், அது இதைத் தடுக்கத்தான்.

ரப்பரைக் கடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடு. ஸ்கேலுக்குள் நகர்ந்தது எச்சிலிலும் நகரும். உங்கள் அம்மாவுக்கு ஒரு வரி: பிளாஸ்டிசைசர்களில் தாலேட் என்ற வகை ஹார்மோன்களில் குறுக்கிடக்கூடியது. அதனால் பொம்மைகளில் அதற்கு வரம்பு உண்டு. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கிற பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தேர்க்கடையில் முத்திரை இல்லாமல் தொங்குகிற, கெரசின் வாடை அடிக்கிற மெத்துப் பொம்மையை வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கு வாங்காதீர்கள்.

என் தம்பிக்கு பி.வி.சி. பைப் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. பி.வி.சி. கேன்சர் வரவழைக்கும் என்கிறார்கள். அனுப்பலாமா?
— வாசகர், தர்மபுரி

இரண்டு வேலையை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பி.வி.சி. பிசினை உண்டாக்குகிற ஆலை வேறு, பிசினை வாங்கிப் பைப் ஓட்டுகிற கம்பெனி வேறு. பிசின் ஆலை நம் மேட்டூரில் 1960-களிலேயே வந்துவிட்டது. அங்கே கையாளும் மூலப்பொருள் வினைல் குளோரைடு என்ற வாயு. கேன்சர் வரவழைப்பது அதுதான், சந்தேகமே இல்லை. 1974-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், வாயுவைப் பிசினாக்குகிற பெரிய கலனான ரியாக்டருக்குள் இறங்கிச் சுரண்டிச் சுத்தம் செய்த தொழிலாளர்களுக்கு, மிக அபூர்வமான கல்லீரல் ரத்தக்குழாய்ப் புற்றுநோய் அடுத்தடுத்து வந்திருப்பதைக் கம்பெனி டாக்டரே கவனித்துச் சொன்னார். ஒரே ஆலையில் அப்படி நடக்க வாய்ப்பே இல்லாத நோய். அதன் பிறகு அமெரிக்காவில் எட்டு மணி நேர ஷிப்ட்டுக்குக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்று வரம்பு வந்தது. ஆட்கள் இறங்கிச் சுரண்டுவதும் பெரும்பாலும் நின்றது.

வாயு சங்கிலியாகக் கோத்துப் பிசினாகிவிட்டால் அந்தக் குணம் போய்விடும். பைப் கம்பெனிக்கு மூட்டையில் வருகிற பிசினில் மிஞ்சியிருக்கும் வாயு மிகமிகச் சொற்பம். தம்பிக்கு உள்ள ஆபத்துகள் வேறு. மிக்ஸிங் பிரிவில் தூசு. சேரும் முதல் நாளே, "நிலைப்படுத்தி ஈயமா, கால்சியம்–துத்தநாகமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஈயம் என்றால் துணி மாஸ்க் போதாது, தூசு வடிகட்டுகிற மாஸ்க் வேண்டும். சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும், வேலை உடுப்போடு வீட்டுக்கு வரக்கூடாது. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அவ்வப்போது டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்தது கரண்ட் கட். மெஷின் நின்றால் பேரல் என்கிற சூடான உருளைக்குள் மாட்டிக்கொண்ட பி.வி.சி. முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, கடைசியில் கரி. பைப் வெளியே வருகிற அச்சான டையிலிருந்து அமில வாயு சீறும். எங்கள் ஷெட்டில் டையைச் சுற்றியிருந்த இரும்பு எல்லாம் எப்போதும் துருதான். ஜெனரேட்டர் வரும் வரை தலையை டை பக்கம் நீட்டிப் பார்க்கிற ஆளாகத் தம்பி இருக்கக் கூடாது. கடைசியாக ஒன்று, சின்ன யூனிட்களில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்: அசிட்டால் என்கிற பிளாஸ்டிக் ஓடிய மெஷினில் சுத்தம் செய்யாமல் பி.வி.சி. போடவே கூடாது, பி.வி.சி. ஓடியதில் அசிட்டாலும் கூடாது. இரண்டும் சூட்டில் கலந்தால் வாயு பெருகி மெஷினே வெடித்த சம்பவங்கள் உண்டு.

அனுப்புங்கள். கண்ணைத் திறந்துகொண்டு போகச் சொல்லுங்கள்.

எங்கள் தெருக்கோடி காலி மனையில் ராத்திரியில் ஒயர் எரிக்கிறார்கள். பச்சை நிறத்தில் தீ. வீட்டுக்குள் நாற்றம், மாமனாருக்கு ஆஸ்துமா. கேட்டால், "பொழப்பும்மா" என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, சென்னைப் புறநகர்

அந்தப் பச்சைத் தீதான் வாக்குமூலம். செம்பும் குளோரினும் சேர்ந்து எரிந்தால் அந்த நிறம். லேபில் ஒரு பிளாஸ்டிக் பி.வி.சி.யா என்று கண்டுபிடிக்கச் செம்புக் கம்பியைக் காய்ச்சித் தொட்டுத் தீயில் காட்டுவோம், பச்சை வந்தால் ஆமாம். உங்கள் தெருவில் அதையே மூட்டைக் கணக்கில் செய்கிறார்கள்.

பி.வி.சி.யில் இதைவிட மோசமான காரியம் எனக்குத் தெரிந்து இல்லை. முதலில் கிளம்புவது அமில வாயு; கண், தொண்டை, நுரையீரல் ஈரத்தில் கரைந்து ஹைட்ரோ குளோரிக் அமிலமாகும். உங்கள் மாமனாருக்கு அதுவே போதும். அடுத்து டயாக்சின். பி.வி.சி. அரைகுறையாக எரியும்போது உருவாவது; செம்பு பக்கத்தில் இருந்தால் அதுவே ஊக்கியாக வேலை செய்து இன்னும் கூட்டிவிடும். டயாக்சின்களில் மிக விஷமானதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. அது தண்ணீரில் கரையாது, எளிதில் மக்காது, கொழுப்பில் போய் உட்காரும். அந்த மனையில் மேய்கிற மாட்டின் பாலிலும், சாம்பலைக் கிளறுகிற கோழியின் முட்டையிலும் ஏறும். எரிக்கிறவருக்கு எல்லாருக்கும் முன்னால்.

"பொழப்பு" என்று சொல்கிறவரிடம் சட்டம் பேசுவதற்கு முன் ரேட் பேசிப் பாருங்கள். எரித்த கம்பி கறுத்துப்போய் இரண்டாம் தரமாகிவிடும். தோல் உரித்த பளபளக் கம்பிக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை, இது எந்தக் காயலான் கடைக்காரருக்கும் தெரியும். கையால் சுற்றுகிற ஒயர் உரிக்கும் மெஷினே சந்தையில் இருக்கிறது. உரித்த பி.வி.சி. தோலையும் செருப்பு அடிக்கிறவர்கள் வாங்குகிறார்கள். மெல்லிய ஒயரை உரிக்க நேரம் ஆகும், அதனால்தான் எரிக்கிறார்கள். அது தெரிந்துதான் பேச வேண்டும். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தால்கூடத் தப்பில்லை.

கேட்கவில்லை என்றால் மாநகராட்சியிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் எழுதிக் கொடுங்கள், தேதி, நேரம், போட்டோவோடு. குப்பையைத் திறந்த வெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் என்றால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது.

எரிகிற நேரத்தில் ஜன்னலை மூடி, மாமனாரை எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள். புகையை நேராக இழுத்துவிட்டு அப்போதைக்குச் சரியாகி, சில மணி நேரம் கழித்து மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அமில வாயு தாமதமாகவும் நுரையீரலில் நீர் கோக்க வைக்கும்.

அம்மாவுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. ரத்தப் பையே பி.வி.சி.யாமே? தாலேட் இருக்குமாமே?
— வாசகர், திருச்சி

இரண்டும் உண்மை. பை மெத்தென்று இருக்க டி.இ.எச்.பி. என்ற தாலேட் சேர்க்கிறார்கள், அது கொஞ்சம் ரத்தத்தில் இறங்கவும் செய்கிறது. விசித்திரம் என்னவென்றால், அது சிவப்பணுவின் மேல்தோலில் உட்கார்ந்து அது உடையாமல் காக்கிறது. ரத்தம் ஆறு வாரம் வரை கெடாமல் இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கண்ணாடி பாட்டில் காலத்தில் உடைசலும் கிருமியும் கொன்ற கணக்கைப் பார்த்தால் இந்தப் பை பெரிய புண்ணியம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனம் இதை உள்நாட்டிலேயே செய்யும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் நமக்கு இது விலையில் எட்டியது. கவலைப்பட வேண்டியது குறைமாதக் குழந்தைகள் பிரிவில். அங்கே தாலேட் இல்லாத டியூப் கேட்கலாம். அம்மாவுக்கு ரத்தத்தை மறுக்காதீர்கள்.

பயன்படுத்திய டியூபும் கையுறையும் ஆஸ்பத்திரியில் சிவப்புப் பையில் போகின்றனவா என்று கவனியுங்கள். சிவப்பு என்றால் எரிக்காமல் கிருமி நீக்கி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியது. எரிக்கக்கூடாது என்பதற்குக் காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

வீட்டு ஒயரிங்குக்கு எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ். என்று இரண்டு ரேட் சொல்கிறார்கள். எதை வாங்க?
— வீடு கட்டுபவர், சேலம்

காசு கொஞ்சம் கூடினாலும் இரண்டாவது. பி.வி.சி. தானாக எரிந்துகொண்டே போகாது, தீயை எடுத்தால் அணைந்துவிடும், எஃப்.ஆர். என்றால் அதை இன்னும் கெட்டிப்படுத்தியது. ஆனால் தீ விபத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகைதான். எல்.எஸ். என்றால் புகையும் அமில வாயுவும் குறைவு. வெளியே போகிற வழி கண்ணுக்குத் தெரியும். சாதாரண பி.வி.சி. ஒயரின் தோல் 70 டிகிரி வரைக்குத்தான். ஏ.சி.க்கு மெல்லிய ஒயர் இழுத்துவிட்டு, எந்தப் பெயர் போட்ட ஒயர் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

தேர்தல் முடிந்ததும் கிடைத்த பேனரை மொட்டை மாடியில் விரித்து வடாம் பிழிகிறோம். பரவாயில்லையா?
— வாசகி, கும்பகோணம்

பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான், எத்தனை மாடியில் பார்த்திருக்கிறேன்! ஃப்ளெக்ஸ் பேனர் என்பது பாலியெஸ்டர் வலை மேல் பூசிய மெத்து பி.வி.சி. பிளாஸ்டிசைசர், அதற்கு மேல் மை, அதற்கு மேல் உச்சி வெயில். அதில் சுடச்சுடக் கூழ் ஊற்றுகிறீர்கள். வேர்க்கடலை, எள் போன்ற எண்ணெய்ச் சரக்கு இன்னும் மோசம், எண்ணெய் அதை இழுத்துக்கொள்ளும். பழைய வேட்டியோ ஓலைப் பாயோ போதும். பேனரை விறகு மேல் மழைக்குப் போர்த்துங்கள். தலைவர் முகம் கீழ்ப்பக்கமாக இருந்தால் அக்கம்பக்கத்தில் சண்டையும் வராது.